பிரிக் லேன்: ஒரு நெசவாளர் தெருவின் கதை

பகுதாது நகரின் மேற்குக் கரையில் அத்தாபிய்யா என்னும் பெயருடைய மஹல்லா ஒன்று இருந்தது. ஹிஜ்ரி 580-இல், அதாவது கி.பி. 1184-இல், அந்நகருக்கு வருகை தந்த அந்தலூசியப் பயணி இப்னு ஜுபைர் தம் பயண நூலில் அம்மஹல்லாவைக் குறிப்பிடுகிறார். பட்டாலும் பருத்தியாலும் பல வண்ணங்களில் நெய்யப்படும் துணி அங்கே உருவாகிறது என்றும், அத்துணிக்கு அம்மஹல்லாவின் பெயரே வழங்குகிறது என்றும் அவர் எழுதுகிறார். அத்தாபித் துணி கடல் கடந்து ஐரோப்பியச் சந்தைகளை அடைந்தது. அரபுப் பெயர் தேய்ந்து பிரெஞ்சில் ஒரு வடிவமும் ஆங்கிலத்தில் 'டாபி' என்ற வடிவமும் பெற்றது. ஊடும் பாவும் ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னும் எளிய நெசவை ஆங்கிலேய நெசவாளர் இன்றும் 'டாபி' என்றே சொல்லுகின்றனர். உடலில் வரிகள் உள்ள வீட்டுப் பூனைக்கும் அதே பெயர்தான். மஹல்லா போயிற்று, தறிகள் போயின, நெய்தவர்களும் போயினர். பெயர் மட்டும் ஒரு பூனையின் முதுகில் நிற்கிறது.

தொழிலால் பெயர் பெற்ற நகரப் பகுதிகள் பலவற்றின் கதை இவ்வாறே முடிந்திருக்கிறது. நம் சென்னையில் 1734-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் நெசவாளரையும் சாயமிடுவோரையும் குடியேற்றி ஒரு பேட்டையை அமைத்தனர். சின்னத்தறிப்பேட்டை என்ற அவ்வூர்தான் இன்று சிந்தாதிரிப்பேட்டை என வழங்குகிறது. பெயருக்குள் தறி இருக்கிறது. தெருக்களில் தறியின் ஓசை இல்லை.

தொழில் நீங்கிய பின் அவ்விடத்து மக்கள் என்ன ஆகின்றனர்? அவர்கள் விட்டுச் சென்ற கட்டடங்களை யார் எடுத்துக் கொள்கின்றனர்? ஏழைகளின் பட்டறைகளாக இருந்தவை செல்வர்கள் விரும்பி வரும் இடங்களாக மாறும்போது, இடையில் நின்றவர்களுக்கு எது மிஞ்சுகிறது? இவ்வினாக்களுக்கு முந்நூறு ஆண்டு எழுத்துச் சான்றுகளுடன் விடை தரும் தெரு ஒன்று இலண்டன் மாநகரின் கிழக்கே இருக்கிறது. பிரிக் லேன் என்பது அதன் பெயர். அத்தெருவின் நடுவே ஒரு பள்ளிவாசலும் இருக்கிறது. வாசகர்களை அத்தெரு வழியே சற்று அழைத்துச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

செங்கல்லும் பட்டும்

இலண்டனின் பழைய கோட்டை மதிலுக்கு வெளியே, கிழக்குத் திசையில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்னும் பகுதி உள்ளது. ஒரு காலத்தில் அங்கே கிறிஸ்தவத் துறவியரின் மடமும் மருத்துவ இல்லமும், சுற்றிலும் வயல்களும் இருந்தன. அவ்வயல்களின் களிமண்ணைத் தோண்டிச் செங்கல்லும் ஓடும் சுட்டனர். செங்கல் ஏற்றிய வண்டிகள் சென்ற பாதையே பிரிக் லேன், அதாவது செங்கல் சந்து. மதிலுக்கு வெளியே இருந்ததால் நகரத் தொழிற்சங்கங்களின் கட்டுப்பாடு அங்கே குறைவு. நிலத்தின் விலையும் குறைவு. நகரத்திற்குள் இடம் கிடைக்காத ஏழையும் அந்நியனும் அங்கே வந்து சேர்ந்ததற்கு இவ்விரண்டுமே காரணம்.

முதலில் பெருந்திரளாக வந்தவர்கள் பிரான்சு நாட்டு ஹியூகனோக்கள். இவர்கள் புராட்டஸ்டண்டுக் கிறிஸ்தவர்கள். பிரெஞ்சு மன்னர் நான்காம் ஹென்றி 1598-இல் நாந்து நகரில் பிறப்பித்த ஆணையால் இவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்திருந்தது. பதினான்காம் லூயி 1685-இல் அவ்வாணையை நீக்கிவிட்டார். ஆலயங்கள் இடிக்கப்பட்டன, போதகர்கள் நாடு கடத்தப்பட்டனர், மற்றவர்கள் வெளியேறவும் தடை விதிக்கப்பட்டது. தடையை மீறி இரவோடு இரவாகப் புறப்பட்டவர்களில் சுமார் 50,000 பேர் இங்கிலாந்தை அடைந்தனர் என்பர். 'ரெஃப்யூஜி' என்ற சொல் ஆங்கிலத்தில் புகுந்ததே இவர்களால்தான். தீனைக் காக்க ஊரைத் துறந்தவரை முஹாஜிர் என்று அழைக்கும் நம் வழக்கு இங்கே நினைவுக்கு வரும்.

அவர்களுள் பலர் பட்டு நெசவில் வல்லவர்கள். ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் அவர்கள் கையில் இங்கிலாந்தின் பட்டுத் தொழிலுக்குத் தலைமையிடம் ஆயிற்று. பிரிக் லேனிலிருந்து மேற்கே பிரியும் ஃபோர்னியர் தெருவிலும் பிரின்ஸ்லெட் தெருவிலும் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள் இன்றும் உள்ளன. அவற்றின் மேல்மாடிச் சன்னல்கள் அகலமானவை. தறிக்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக அமைத்தவை அவை. கீழே வணிகம், நடுவே குடும்பம், கூரையடியில் தறி என்பது அங்கே வாழ்க்கை முறை. அன்னா மரியா கார்த்வெயிட் என்னும் மாது பட்டுத் துணிக்கான பூவேலை வரைபடங்களை இங்கிருந்தே தீட்டினார். 1763-இல் அவர் இறக்கும் வரை அவ்வரைபடங்களைக் கொண்டு நெய்யப்பட்ட பட்டு அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலும் விற்பனையாயிற்று.

நம் கரையின் துணியும் அவர்களின் சினமும்

இவ்விடத்தில் நம் நாட்டுக் கதை ஒன்று குறுக்கிடுகிறது.

ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்யப்பட்ட அதே காலத்தில், சோழமண்டலக் கரையிலிருந்து வண்ணம் தீட்டிய பருத்தித் துணிகள் இலண்டனில் வந்து இறங்கின. கம்பெனியார் சென்னையில் கோட்டை கட்டியதன் முதன்மை நோக்கமே இத்துணி வாணிபம்தான். சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் வெளுத்தாலும் போகாத நிறங்கள். ஐரோப்பியர் அதுவரை அத்தகைய துணியைக் கண்டதில்லை. சீமாட்டி முதல் பணிப்பெண் வரை எல்லாரும் அதை உடுத்தத் தொடங்கினர். கோழிக்கோட்டின் பெயரால் அத்துணி அங்கே 'காலிகோ' எனப்பட்டது. இதே கரையின் துணியைக் கீழை நாடுகளுக்குக் கொண்டு சென்ற வணிகருள் மரைக்காயர்கள் முன்னணியில் நின்றனர் என்பது நம் வாசகர் அறிந்ததே. மேற்கே சென்ற துணி கம்பெனியாரின் கப்பலில் சென்றது.

பட்டு நெசவாளரின் பிழைப்பு அதனால் கெட்டது. 1700-ஆம் ஆண்டிலேயே அச்சிட்ட, வண்ணம் தீட்டிய இந்தியத் துணிகளின் இறக்குமதியை உள்நாட்டுப் பயன்பாட்டிற்குத் தடுக்கும் சட்டம் ஒன்று வந்தது. வணிகர் வெறுந்துணியைக் கொணர்ந்து இங்கிலாந்திலேயே அச்சிட்டு அத்தடையைக் கடந்தனர். 1719-ஆம் ஆண்டுக் கோடையில் நெசவாளர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் இறங்கினர். காலிகோ உடுத்திய பெண்களைத் துரத்தி, உடுத்திய துணியை உடலிலிருந்தே கிழித்தனர். மையை ஊற்றினர், அமிலத்தையும் வீசினர். 1721-இல் நாடாளுமன்றம் அத்துணியை உடுத்துவதையும் விற்பதையுமே தடை செய்தது. அச்சட்டம் 1774 வரை நீடித்தது.

துரத்தப்பட்டுப் புகலிடம் தேடி வந்தவர்களின் மக்களும் அயலாரும் சேர்ந்து, தாம் கண்டிராத கடற்கரை ஒன்றின் தொழிலாளரால் தம் சோறு போயிற்று எனக் கருதித் தெருவில் சென்ற ஒரு பணிப்பெண்ணின் ஆடையைக் கிழித்தனர். துணியால் பெரும்பொருள் ஈட்டியவர்களோ கம்பெனியின் பங்குதாரர்கள். சினம் அவர்களை எட்டவில்லை. கைக்கு எட்டியவர் மீதே விழுந்தது. இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டுகிறேன். இதே வட்டாரத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு ஆண்டுகளுக்குப் பின் இதைப் போன்ற காட்சி ஒன்றை மீண்டும் காண்போம்.

தடைச் சட்டம் நெசவாளரை நெடுங்காலம் காக்கவில்லை. கூலிக் குறைப்பை எதிர்த்து 1760-களில் அவர்கள் தறியிலிருந்த பட்டை அறுத்தனர். 1769 டிசம்பரில் இரு நெசவாளர்கள் அருகிலுள்ள பெத்னல் கிரீனில், தம் அயலாரின் கண்முன்னே தூக்கிலிடப்பட்டனர். 1773-இல் கூலியை நிர்ணயிக்கும் சட்டம் ஒன்று வந்தது. 1824-இல் அது நீக்கப்பட்டது. 1860-இல் பிரான்சுடன் செய்த வணிக உடன்படிக்கையால் பிரெஞ்சுப் பட்டு வரியின்றி உள்ளே வந்தது. அதற்கு மேல் கைத்தறி தாங்கவில்லை. வசதி படைத்த நெசவுக் குடும்பங்கள் முன்பே வேறிடம் சென்றுவிட்டன. எஞ்சியவர்கள் வறியவர்களாகத் தங்கினர். பட்டு நெசவாளரின் தெரு இலண்டனின் மிக ஏழைத் தெருக்களுள் ஒன்றாயிற்று.

ஒரே கட்டடம்

பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் சந்திக்கும் மூலையில் செங்கல்லால் கட்டிய உயர்ந்த கட்டடம் ஒன்று நிற்கிறது. ஹியூகனோக்கள் 1743-இல் அதைத் தம் ஆலயமாகக் கட்டினர். அவர்கள் சிதறிய பின், யூதர்களைக் கிறிஸ்தவர்களாக்கும் நோக்குடைய சங்கம் ஒன்று 1809-இல் அதில் இடம் பெற்றது. அந்நோக்கம் கைகூடவில்லை. 1819-இல் மெதடிஸ்டுக் கிறிஸ்தவர்களின் ஆலயமாயிற்று.

1881-இல் ரஷியச் சக்கரவர்த்தி கொல்லப்பட்ட பின், அங்கே யூதர்கள் மீது கொலையும் கொள்ளையும் கட்டவிழ்த்து விடப்பட்டன. உயிர் தப்பியவர்கள் கப்பலேறி இலண்டன் துறைமுகத்தில் இறங்கினர். இறங்கிய இடத்திலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தது ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ். தறி இருந்த மாடிகளில் தையல் இயந்திரங்கள் ஏறின. காற்றில்லாத அறைகளில், குறைந்த கூலிக்கு, பகலும் இரவும் ஆடை தைக்கும் தொழில் வளர்ந்தது. யூதர்களை மதம் மாற்ற முயன்ற அதே கட்டடம் 1898-இல் யூதர்களின் பெரிய வழிபாட்டு இல்லமாக மாறியது. பிரின்ஸ்லெட் தெருவின் 19-ஆம் எண் வீட்டிலும் இதே கதைதான். 1719-இல் பட்டு வணிகருக்காகக் கட்டிய அவ்வீட்டின் பின்தோட்டத்தில், 1869-இல் யூதர்கள் ஒரு தொழுகைக் கூடம் எழுப்பினர்.

யூதர்களின் மக்கள் படித்தனர், பொருள் ஈட்டினர், இலண்டனின் வடக்குப் புறநகர்களுக்குச் சென்றனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அவ்வில்லத்தில் வழிபடுவோர் தொகை ஆண்டுதோறும் குறைந்தது. அதே வேளையில் அத்தெருவில் வங்காள முஸ்லிம்களின் தொகை பெருகியது. அவர்கள் பணம் திரட்டி அக்கட்டடத்தை வாங்கினர். 1976-இல் அது இலண்டன் ஜாமிஆ மஸ்ஜிதாகத் திறக்கப்பட்டது.

ஃபோர்னியர் தெருப் பக்கத்துச் சுவரின் உச்சியில், முதன்முதல் கட்டியவர்கள் பதித்த சூரியக் கடிகாரம் இன்றும் உள்ளது. 1743 என்ற ஆண்டும், நாம் நிழல்களே எனப் பொருள்படும் இரு லத்தீன் சொற்களும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பின்னர் வந்த யாரும் அதை அகற்றவில்லை. யூதர்கள் அதன் கீழ் நடந்து சென்றனர். லுஹருக்கு வரும் முஸ்லிம்களும் அதன் கீழ் நடந்து செல்கின்றனர். நிழலைப் பார்த்துத் தொழுகை நேரத்தைக் கணக்கிடக் கற்ற சமூகத்திற்கு அக்கடிகாரம் அந்நியமானதன்று.

வங்காளக் கிடங்கும் வங்காள மக்களும்

இம்மக்கள் எவ்வாறு அங்கே வந்தனர்? அவர்களுக்கு முன்னே அவர்களுடைய பொருள்கள் வந்துவிட்டன. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் மேற்கு ஓரத்தில், பிரிக் லேனிலிருந்து சிறிது நேரம் நடந்தால் அடையும் தொலைவில், 1769-க்கும் 1771-க்கும் இடையே கம்பெனியார் ஒரு கிடங்கு கட்டினர். பழைய வங்காளக் கிடங்கு என்பது அதன் பெயர். பிளாசிப் போருக்குப் பின் வங்காளத்திலிருந்து வந்து குவிந்த சரக்குகளுக்காகக் கட்டப்பட்டது அது. வங்காளத்துப் பட்டு நூலை ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளரும் பயன்படுத்தினர். டாக்கா நெசவாளன் தாழ்ந்த அதே காலத்தில் இலண்டன் நெசவாளனும் தாழ்ந்தான். இருவர் உழைப்பும் ஒரே கிடங்கு வழியாகச் சென்றது. இந்நூற்றாண்டில் அக்கிடங்கு உணவகமாகத் திறக்கப்பட்டது.

சரக்கை ஏற்றிச் சென்ற கப்பல்களில் கூலிக்கு உழைத்தவர்கள் லஸ்கர்கள். லஷ்கர் என்னும் பாரசீகச் சொல்லே அவ்வாறு மருவியது. அவர்களின் தலைவனுக்கு வழங்கிய பெயர் நம் கடற்கரை ஊர்களில் சாரங்கு என்று இன்றும் வழங்குகிறது. நீராவிக் கப்பல் வந்த பின், கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போடும் கொடிய வேலைக்குச் சில்ஹெட் மாவட்டத்து முஸ்லிம்கள் மிகுதியாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் இலண்டன் துறைமுகத்தில் இறங்கிக் கிழக்குப் பகுதியிலேயே தங்கிவிட்டனர். தொழுவதற்கு அவர்களுக்கு நிலையான இடம் இல்லை. நீதிபதி செய்யிது அமீர் அலி முதலியோர் 1910-இல் இலண்டனில் பள்ளிவாசல் கட்ட ஒரு நிதியைத் தொடங்கினர். அந்நிதியால் 1941-இல்தான் கமர்ஷியல் சாலையில் கிழக்கு இலண்டன் பள்ளிவாசல் எழுந்தது. அப்பள்ளி 1985-இல் வைட்சாப்பல் சாலையில் புதிய கட்டடத்திற்கு மாறியது.

1950-களிலும் 60-களிலும் ஆண்கள் தனியே வந்தனர். பின்னர்க் குடும்பங்கள் வந்தன. யூதர்கள் விட்டுச் சென்ற தையற்கூடங்களிலும் தோல் ஆடைப் பட்டறைகளிலும் வங்காளியர் அமர்ந்தனர். வீடு கிடைப்பது அரிதாக இருந்தது. நகராட்சி வீடுகளின் வரிசையில் அவர்களுக்கு முறை வரவில்லை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்த வீடுகளில் அவர்கள் துணிந்து குடியேறினர். 1976-இல் வீட்டுரிமைக்காக ஓர் அமைப்பைத் தொடங்கி, வங்காள மொழியில் புலியைக் குறிக்கும் சொல் போல் ஒலிக்கும் சுருக்கப் பெயரை அதற்கு வைத்தனர்.

தெருவிலே பகையும் இருந்தது. நிறவெறிக் கட்சியினர் ஞாயிறுதோறும் பிரிக் லேனின் வடக்கு முனையில் நின்று தம் பத்திரிகையை விற்றனர். 1978 மே 4 அன்று வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி என்னும் இளம் தையல் தொழிலாளி வைட்சாப்பலில் குத்திக் கொல்லப்பட்டார். பத்து நாள்கள் கழித்து ஏறத்தாழ 7,000 பேர் அவருடைய சந்தூக்கின் பின் நடந்து பிரதமர் மாளிகை வரை சென்றனர். அதுவரை தலை தாழ்த்தி ஒதுங்கி நடந்த மக்கள் அன்று நடுத்தெருவில் நடந்தனர். அவர் விழுந்த இடத்தருகே உள்ள பூங்காவிற்கு 1998-இல் அவர் பெயர் சூட்டப்பட்டது. பிரிக் லேனுக்குத் தெற்கிலிருந்து வருபவர் அப்பூங்காவைக் கடந்தே வருகின்றனர்.

ஆலை மூடிய பின்

பள்ளிவாசலைத் தாண்டி வடக்கே சென்றால் தெருவின் இரு மருங்கும் விரிந்து கிடக்கும் பெரிய ஆலையைக் காணலாம். அதன் புகைபோக்கியில் 'ட்ரூமன்' என்ற பெயர் எழுதியிருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய பீர் ஆலை அது. ஒரு காலத்தில் உலகின் மிகப் பெரிய ஆலைகளுள் ஒன்று. ஹியூகனோ, யூதர், வங்காளி ஆகிய எல்லாரும் அதன் புகையின் கீழ் வாழ்ந்தனர். 1980-களின் இறுதியில் அது மூடப்பட்டது. 1682-இல் அரச உரிமை பெற்ற காய்கனிச் சந்தையும் 1991-இல் வேறிடத்திற்குச் சென்றது. மலிவான வெளிநாட்டு ஆடைகள் வரவே, தையற்கூடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடின.

வெறுமையான பட்டறைகளுக்கு வாடகை குறைவு. ஓவியரும் சிற்பியரும் புதிய ஆடை வடிவமைப்போரும் அவற்றைத் தேடி வந்தனர். பழைய ஆலை அவர்களுக்குக் கூடங்களாயிற்று. பாழடைந்த பட்டு வணிகர் வீடுகளை இடிக்க விடாமல் காக்க 1977-இல் ஓர் அறக்கட்டளை தோன்றியது. அவ்வீடுகள் காப்பாற்றப்பட்டன. பின்னர் மிகப் பெரும் செல்வர் மட்டுமே வாங்கத்தக்கனவாயின. மேற்கே வங்கிகளின் வட்டாரம் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸின் எல்லை வரை விரிந்தது. மாலையில் அவ்வூழியர்கள் உணவு தேடி வந்தனர். வங்காளியர் தையற்கூடங்களைக் கறி உணவகங்களாக மாற்றினர். 1990-களின் இறுதியில் நகராட்சியே அப்பகுதியை 'பங்ளாடவுன்' என்று விளம்பரம் செய்தது. தெருப் பெயர்ப் பலகைகள் வங்காள எழுத்திலும் அமைந்தன. 1999 ஏப்ரலில் ஒரு நிறவெறியன் அங்கே ஆணிக்குண்டு வைத்து 13 பேரைக் காயப்படுத்தினான். அத்தெரு அதற்கும் அஞ்சவில்லை.

பகைவனின் குண்டு செய்யாததை வாடகைச் சீட்டு செய்தது. 2000-களின் நடுவில் பிரிக் லேனில் வங்காளியரின் கறி உணவகங்கள் 60 இருந்தன. 2020-இல் ரனிமீட் அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வின்படி அவை 23 ஆகிவிட்டன. வாடகையும் வரியும் உயர்ந்தன. தாயகத்திலிருந்து சமையற்காரரை வரவழைப்பதற்கான விசா விதிகள் கடுமையாயின. படித்த பிள்ளைகள் நள்ளிரவு வரை அடுப்படியில் நிற்க விரும்பவில்லை. காலியான இடங்களில் காப்பிக் கடைகளும், பழைய ஆடைகளை உயர்ந்த விலைக்கு விற்கும் கடைகளும் வந்தன. தொழிலாளி வறுமையால் உடுத்திய தோல் மேலங்கி, இளைஞரின் நாகரிகமாகக் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்கியது.

2014-இல் காலையுணவுத் தானியங்களை மட்டும் விற்கும் உணவகம் ஒன்று அங்கே திறந்தது. பாலில் இட்ட தானியம் ஒரு கிண்ணம் 3 பவுனுக்கு மேல். 2015 செப்டம்பரில் ஓர் இரவு, வாடகை உயர்வை எதிர்த்து ஊர்வலம் வந்த கூட்டத்தார் அக்கடையின் மீது வண்ணம் வீசினர். உள்ளே வாடிக்கையாளரும் குழந்தைகளும் இருந்தனர். அக்கடையை நடத்தியவர்களும் வாடகைக்கு இருந்தவர்களே. 1719-இல் பணிப்பெண்ணின் ஆடை கிழிந்தது, 2015-இல் கிண்ணம் விற்பவனின் சன்னல் வண்ணமாயிற்று. இரு முறையும் இலாபக் கணக்கு எழுதியவர்கள் தெருவிலேயே இல்லை. 2020-இல் அக்கடையும் மூடப்பட்டது. வாடகை இறங்கவில்லை.

எது நின்றது?

இங்கே நீதி தவறாமல் ஒன்று கூறியாக வேண்டும். ஒரு தெருவை விட்டுச் செல்வது எப்போதும் துன்பம் அன்று. ஹியூகனோவின் பேரன் வணிகனாகிச் சென்றான். யூதத் தையற்காரனின் மகன் மருத்துவனாகிச் சென்றான். உணவகத்தை மூடிய வங்காளியருள்ளும் புறநகரில் தோட்டத்தோடு வீடு வாங்கி மன நிறைவோடு வாழ்பவர் உண்டு. தந்தை பட்ட பாட்டை மகன் படக்கூடாது என்பதுதானே உழைத்த தந்தையின் எண்ணம்! ஆகவே, ஒரு தெரு என்றென்றும் ஒரே மக்களுக்கு உரியது என்று நாம் வாதிடவில்லை. விரும்பிச் செல்வதற்கும், இருக்க முடியாமல் செல்வதற்கும் உள்ள வேறுபாட்டையே பார்க்கிறோம். உணவகத்தை மூடியவர்களுள் பலர் இரண்டாம் வகையினர்.

பிரிக் லேனில் எவை போயின, எவை நின்றன என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கணக்குத் தெளிவாகிறது. சந்தை விலைக்கு வாடகை கொடுத்த கடைகள் போயின. நகராட்சியின் வீடுகளில் உரிமை பெற்ற குடும்பங்கள் பெரும்பாலும் நின்றன. டவர் ஹேம்லெட்ஸ் எனப்படும் அந்நகராட்சி எல்லையில், 2021-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நூற்றுக்கு ஏறத்தாழ 35 பேர் வங்காளதேச வழியினர். 1970-களில் பூட்டிய வீட்டின் கதவைத் திறந்து, வரிசையில் நின்று, தெருவில் நடந்து அவர்கள் பெற்ற வீட்டுரிமைக்கு இதில் பெரும்பங்கு உண்டு. பழைய பீர் ஆலையின் நிலமோ ஒரே தனியுரிமையில் இருக்கிறது. அதன் ஒரு பகுதியில் கடைகளும் அலுவலகங்களும் கட்டும் திட்டத்திற்கு 7,000-க்கு மேற்பட்ட ஆட்சேபங்கள் வந்தும், 2021 செப்டம்பரில் நகராட்சிக் குழு அனுமதி வழங்கிற்று.

பள்ளிவாசல் நின்றது. அதற்குக் காரணம் அதன் புனிதம் என்று மட்டும் கூறினால் அது பாதி விடையே ஆகும். அதே சுவருக்குள் வழிபட்ட மற்றவர்களும் அதைப் புனிதமாகவே கருதினர். மீதி விடை பத்திரத்தில் இருக்கிறது. தையற்கூடத்துக் கூலியிலிருந்து சேர்த்த பணத்தால் அக்கட்டடத்தை வாடகைக்கு எடுக்காமல் விலைக்கு வாங்கி, எவருடைய தனிச் சொத்தாகவும் இல்லாதபடி அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தனர். நம் ஃபிக்ஹு நூல்கள் வக்ஃபு எனக் கூறுவதன் கருத்தும் இதுவே. பொருளின் உடைமையை நிறுத்திவைத்து, அதன் பயனைப் பொதுவில் ஓடவிடுவது. விற்க முடியாத சொத்துக்குச் சந்தை விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? 2009-இல் அதன் அருகே எஃகினால் ஆன உயர்ந்த தூண் ஒன்று மினாராவைப் போல எழுப்பப்பட்டது. இரவில் அதில் ஒளி ஏற்றுகின்றனர். விருந்துக்கு வரும் இளைஞர் கூட்டம் அதன் அடியில் நின்று புகைப்படம் எடுத்துக் கொள்கிறது.

வாசலில் நாகரிகக் கூட்டம் நகர்ந்து கொண்டிருக்க, உள்ளே ஸஃப்புகள் நிற்கின்றன. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. யூதர்களின் வழிபாட்டு இல்லமும் விலைக்கு வாங்கப்பட்ட கடன்களாலோ பகையாலோ மூடவில்லை. வருவோர் இல்லாததால்தான் கைமாறியது. பள்ளிவாசலைப் பத்திரம் காக்கும். ஸஃப்பை அத்தெருவில் வாழும் குடும்பங்களே நிரப்ப வேண்டும். அருகே பிள்ளைகளுக்கு வீடு கிடைத்தால்தான் அது கூடும். தொழுமிடத்தை வாங்கும் முயற்சியோடு வீட்டுரிமைக்கான போராட்டத்தையும் அம்மக்கள் 1976-ஆம் ஆண்டிலேயே ஒருசேரத் தொடங்கினர் என்பதை எண்ணும்போது, எழுதப் படிக்க அதிகம் அறியாத அத்தொழிலாளரின் அறிவுக்கூர்மை வியப்பளிக்கிறது.

நம் ஊர்களிலும் தோல் ஷாப்புகளும் பீடிக் கூடங்களும் பாய்த் தறிகளும் இருந்த தெருக்கள் பல உண்டு. அவற்றுள் சிலவற்றில் நிலத்தின் விலை ஏறிவருகிறது. அங்கே நம் முன்னோர் பொதுவில் விட்டுச் சென்ற நிலம் எவ்வளவு, அதன் பத்திரம் யார் பெட்டியில் இருக்கிறது, அதன் பயன் யாருக்குச் செல்கிறது என்று ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அத்தாபிய்யா மஹல்லா தன் பெயரை ஒரு துணியில் விட்டுச் சென்றது. பிரிக் லேன் தொழிலாளர் தம் கூலியை ஒரு சுவரில் விட்டுச் சென்றிருக்கின்றனர். அச்சுவரின் மேல் 1743-இல் பதித்த கடிகாரத்தில், வெயில் உள்ள நாள்களில், நிழல் இன்றும் நேரம் காட்டுகிறது.